ஆதரவு நீங்கிய இயங்குதளங்களும் தமிழ் எழுத்தின் இடப்பெயர்ச்சியும்

தமிழ் எழுத்து கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் தாளிலும் இடம்பெற்ற வரலாற்றை அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஓலையினின்று அச்சிற்கு நூல்கள் வந்த 19ஆம் நூற்றாண்டைப்பற்றி நாம் அறிந்துள்ளவை மிகுதி. அச்சுக்கோப்பினின்று கணினிக்கு எழுத்து வந்ததும், கணினிக்குள்ளேயே ஒரு தளத்தினின்று மற்றொரு தளத்திற்கு அது பெயர்ந்ததும் நம் கண்முன் நிகழ்ந்தவை. கண்முன் நிகழ்ந்தமையானே அவற்றை வரலாறு எனக் கருதும் நோக்கு நமக்கு எளிதில் வருவதில்லை. பொறியியலார்க்கு உரிய செய்தி என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின், ஒதுக்கப்பட்ட அச்செய்தி நம் ஆய்வேடுகளையும் சொல்லடைவுகளையும் பாட ஆராய்ச்சியையும் நேரே தொடுவது.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது அவ்வரலாற்றின் ஒரு கூறே. கணினி இயங்குதளம் ஒன்றன் பழைய பதிப்பிற்கு அதனை ஆக்கியோர் ஆதரவை நிறுத்துவதும், அதனைப் பின்பற்றிப் பிற மென்பொருளாளரும் அப்பதிப்பைக் கைவிடுவதும் தமிழ் எழுத்தை யாங்ஙனம் பாதித்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். தனித்தனி எழுத்துருக்களினின்று ஒருங்குறிக்குத் தமிழ் மாறியதற்கு மாநாட்டு முடிவுகளும் அரசாணைகளும் காரணமாகக் காட்டப்படுகின்றன. அவற்றின் பங்கை நாம் மறுக்கவில்லை. எனினும், அம்மாற்றம் எப்பொழுது நிறைவேறும் என்பதை அறுதியிட்டது, தமிழை எண்ணாது தொலைவிடத்தில் வகுக்கப்பட்ட ஓர் ஆதரவுக் கால அட்டவணையே என்பது நம் துணிபு. அவ்வட்டவணை நமக்கு நன்மையும் செய்தது. தீர்க்கவேண்டிய கடன் ஒன்றையும் வைத்துச் சென்றது.

ஆதரவு என்னும் சொல்

முதற்கண் ஆதரவு என்னும் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புக்களையும் அதன்கண் வேலைசெய்யும் ஏனை மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். ஒருமுறை ஆக்கி விற்றவுடன் முடிந்துவிடும் பொருளன்று அது. பிழைகள் பின்னர் வெளிப்படும். பகைவர் நுழைதற்குரிய வாயில்கள் கண்டறியப்படும். அவற்றை அடைக்கும் திருத்தங்களை ஆக்கியோர் காலந்தோறும் அனுப்புதல் வேண்டும். அவ்வாறு அனுப்பும் பணியே ஆதரவு எனப்படுகின்றது. ஆதரவு நின்ற நாளில் கணினி நின்றுவிடுவதில்லை. முதல்நாள் போலவே மறுநாளும் எழுதும், அச்சிடும், கணக்கிடும். திருத்தம் மட்டும் வாராது. ஆகலின், பயன்படுத்துவோர் பலர் ஒன்றும் நிகழவில்லை என்றே எண்ணுவர்.

அதன்பின் நிகழ்வதே வலிமை மிக்கது. தளத்தை ஆக்கியோர் கைவிட்ட பின்னர், அதன்மேல் இயங்கும் உலாவி, சொற்செயலி முதலியவற்றை ஆக்குவோரும் தம் புதிய பதிப்புக்களை அத்தளத்திற்கு ஆக்காது விடுகின்றனர். அவர்தம் நியாயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஒவ்வொரு பழைய தளத்திலும் தனியே சோதனை நடத்தவேண்டும். புதிய தளங்களில் உள்ள வசதிகளைப் பழையது அறியாது. அதன்பொருட்டு மாற்றுவழி எழுதி அதனை ஆண்டுதோறும் காத்துவரவேண்டும். அடித்தளமே திருத்தம் பெறாதபோது மேற்கட்டடத்தை மட்டும் பூட்டி வைப்பதில் பயனும் குறைவு. 2008ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த பயர்பாக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பு விண்டோஸ் 98இல் இயங்கவில்லை. முந்திய பதிப்பிற்குரிய திருத்தங்களும் அவ்வாண்டு டிசம்பரோடு நின்றன. விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குரோம் உலாவி 2016 ஏப்ரலிலும், பயர்பாக்ஸ் 2018இலும் ஆதரவை நிறுத்தின. தளத்தின் ஆதரவு முடிந்த சில ஆண்டுகளில் உலாவியின் ஆதரவும் முடிதல் இவ்வரலாற்றில் பலகாலும் காணும் ஒழுங்கு.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2002 அக்டோபரில் தன் மென்பொருள்களின் ஆதரவுக் காலத்திற்கு ஒரு பொதுவிதி வகுத்தது. 2004இல் அது திருத்தப்பெற்று, அலுவலகப் பயனுக்குரியவற்றிற்கு 5 ஆண்டு முழு ஆதரவும், பின்னும் 5 ஆண்டு பாதுகாப்புத் திருத்தமும் உறுதியாயின. அதன்வழியும், அதற்கு முன்னிருந்த வழக்கின்படியும், விண்டோஸ் 95இன் ஆதரவு 2001 டிசம்பர் 31இலும், 98இன் ஆதரவு 2006 ஜூலை 11இலும், விண்டோஸ் 2000இன் ஆதரவு 2010 ஜூலை 13இலும், எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8இலும், ஏழாம் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரி 14இலும், பத்தாம் பதிப்பின் ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்தன. இந்நாள்களைத் தமிழ் எழுத்தின் வரலாற்று நாள்களோடு அடுத்து வைத்து நோக்குதலே இனி நாம் செய்யவேண்டுவது.

வேடமிட்ட எழுத்து

விண்டோஸ் 95, 98 ஆகிய தளங்கள் ஓர் எழுத்திற்கு 256 இடங்களுள் ஒன்றையே கொடுக்கும் முறையில் அமைந்தவை. முற்பாதி ரோமன் எழுத்துக்களுக்கும் எண்களுக்கும் உரியது. பிற்பாதி வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடும்; உருசியம், கிரேக்கம், அரபு, தாய் முதலியவற்றிற்கு அவ்வாறு அட்டவணைகள் இருந்தன. தமிழுக்கு இல்லை. இந்திய மொழிகள் எவற்றிற்கும் இல்லை. கணினிக்குத் தமிழ் என ஒன்று உண்டு என்பதே தெரியாத நிலை அது.

அந்நிலையில் தமிழர் கண்ட வழி கூர்மையானது. ரோமன் எழுத்திற்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்த எழுத்துருக்களை ஆக்கினர். கணினி தான் ரோமன் எழுத்தையே வைத்திருப்பதாகக் கருதும். திரையில் தமிழ் தோன்றும். பாமினி என்னும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் 'தமிழ்' என்னும் சொல்லைத் தட்டச்சிட்டால் கோப்பில் பதிவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது அவ்வைந்து குறிகள்தாம். எழுத்து இங்கே தன்னுருவில் இல்லை, வேடமிட்டுக்கொண்டு நிற்கின்றது.

இம்முயற்சிகள் ஒரு நாட்டில் மட்டும் நிகழ்ந்தன அல்ல. விண்டோசுக்கு முற்பட்ட டாஸ் தளத்திலேயே கனடாவிலிருந்து சீனிவாசன் 'ஆதமி' என்னும் எழுதியை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' தந்தார். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைத் தந்ததோடு, 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவிற்குக் கொணரும் பணியை ஒருங்கிணைத்தார். ஆயின், ஒருவர் எழுத்துருவில் எழுதியதை மற்றொருவர் எழுத்துருவில் படிக்க இயலவில்லை. நாளிதழ்களின் இணையதளங்கள் தத்தம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டின. 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடுகள் இக்குழப்பத்தைத் தீர்க்கக் கூடியவையே. சென்னை மாநாட்டின் வழி தாம், தாப் என்னும் இரு எழுத்துருக் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. மின்னஞ்சல் குழுக்களில் கூடிய ஆர்வலர் வகுத்த திஸ்கி என்னும் குறியேற்றம் அவற்றின் வேறாக வழங்கியது.

திஸ்கியின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி நம் பொருளுக்கு மிகவும் உரியது. அதன் அட்டவணையில் 173ஆம் இடம் இகரத்திற்குத் தரப்பட்டிருந்தது. மேலைநாட்டு அட்டவணையிலோ அவ்விடம், வரியிறுதியில் சொல் பிளவுறும்பொழுது மட்டும் தோன்றி மற்றை நேரங்களில் மறைந்து நிற்கும் சிறுகோட்டிற்கு உரியது. பழைய மென்பொருள்கள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமையின் இகரம் தோன்றியது. பின்வந்த மென்பொருள்கள் மேலைநாட்டு விதியைச் செவ்வனே கடைப்பிடித்தன, இகரம் மறைந்தது. 1.7 என்னும் பதிப்பில் இகரத்திற்கு 254ஆம் இடம் தரவேண்டியதாயிற்று. வேடமிட்ட எழுத்து, அவ்வேடத்திற்குரியவனின் விதிகளுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டுவதில்லை.

ஒருங்குறியும் தேதியும்

ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, அஃதாவது 1991இலேயே, தமிழுக்கு இடம் தரப்பட்டுவிட்டது. ஆயினும் ஏறத்தாழ 10 ஆண்டுக் காலம் அஃது ஏட்டளவிலேயே இருந்தது. ஏனெனின், எழுத்தின் எண் மட்டும் இருந்தால் போதாது. ககரத்தின் பின் ஒகரக் குறி வந்தால் அதனை இரண்டாகப் பிரித்துக் ககரத்தின் இருபுறமும் நிறுத்தும் அறிவு தளத்திற்கு வேண்டும். அவ்வறிவோடு வெளிவந்த முதல் விண்டோஸ், 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 ஆகும். லதா என்னும் தமிழ் எழுத்துரு அதனுடன் வந்தது. அலுவலகங்களுக்கென ஆக்கப்பட்ட அத்தளம் வீடுகளை மிகுதியும் எட்டவில்லை. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியே அலுவலகம், வீடு என்னும் இரண்டிற்கும் ஒருசேர வந்தது. அதிலும் தமிழ் தானே தோன்றுவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டாரமும் மொழியும் என்னும் பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புக்களை நிறுவுக என்னும் கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தகட்டை உள்ளிடவேண்டும். குறுந்தகடு கைவசம் இல்லாதார் பலர். 2007இல் வந்த விஸ்டாவிலேயே இத்தடை முற்றும் நீங்கியது.

இனி, 98ஐ நோக்குவோம். அத்தளத்தில் புதிய உலாவியையும் எழுத்துருவையும் சேர்த்துக்கொண்டால் ஒருங்குறித் தமிழை ஒருவாறு படிக்கலாம், எழுதுதல் அரிது. ஆகவே, எழுதுவோர் இரு கூறாயினர். எக்ஸ்பி வைத்திருந்தோர் ஒருங்குறியில் எழுத விரும்பினர். 98 வைத்திருந்த உறவினரும் நண்பரும் அதனைப் படிக்கமாட்டாமை கண்டு மீண்டும் பழைய எழுத்துருவிற்கே திரும்பினர். படிப்போரை விட்டு எழுதுவோர் தனியே செல்ல முடியாது அன்றோ? 98இன் ஆதரவு முதலில் 2004 ஜனவரி 16இல் முடிவதாக இருந்தது. அந்நாளுக்குச் சில நாள்களே இருந்தபொழுது நிறுவனம் அதனை 2006 நடுப்பகுதிவரை நீட்டித்தது. வளர்ந்துவரும் சிறு சந்தைகளிலுள்ளார்க்குக் காலம் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இந்தியாவும் இலங்கையும் அச்சந்தைகளுள் அடங்குவன எனக் கொள்ளல் பொருந்தும். ஏழை நாடுகளின்மேற் கொண்ட இரக்கம் எனினும் ஆகும். வாடிக்கையாளரை இழவாமைக்குச் செய்த சூழ்ச்சி எனினும் ஆகும். எவ்வாறாயினும், தமிழ் இருகூறாக நின்ற காலம் அதனால் மேலும் இரண்டரை ஆண்டு நீண்டது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பலாம். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதே காலத்தில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. தேடுபொறிகள் ஒருங்குறியையே தேடின. ஆகவே மக்கள் விரும்பியே மாறினர், பழைய தளம் கைவிடப்பட்டமையால் அன்று எனலாம். இத்தடையில் உண்மை உண்டு. மாறவேண்டும் என்னும் வேட்கையை எழுப்பியவை அவையே. ஆயின், வேட்கை ஒருவர்க்கு எழுவது. எழுத்தோ இருவர்க்கு நடுவே நிகழ்வது. கடைசிப் படிப்பாளரும் மாறினாலன்றி எழுதுவோர் பழையதை விடார். அக்கடைசிப் படிப்பாளரை மாறச் செய்தது விருப்பமன்று; தம் கணினியில் புதிய உலாவி இயங்க மறுத்தமையே. 2006இல் 98 போயிற்று. 2008இல் உலாவிகளும் அதனைவிட்டு நீங்கின. அதன்பின் எஞ்சிய தளங்கள் யாவும் ஒருங்குறித் தமிழை அறிந்தவை.

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், தமிழக அரசு ஒருங்குறியையும், அது இயலாதவிடத்துத் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம் எனப்படும் 16 பிட்டு முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. அனைத்தெழுத்து முறை, உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தருவது, எழுத்திலக்கணத்தோடு இயைவது, அதனை விரும்பிய தமிழறிஞர் பலர். ஆயினும் அது பரவவில்லை. தளங்களும் உலாவிகளும் தாமே ஏற்று வாராத ஒரு குறியேற்றம், எத்துணைச் சிறந்ததாயினும், நிறுவிக்கொண்டவர்க்கு மட்டுமே பயன்படும். ஆணை பிறந்த அடுத்த மாதம் விண்டோஸ் 2000இன் ஆதரவு முடிந்தது. ஒருங்குறியைப்பற்றிய மட்டில், ஆணை வருவதற்கு முன்னரே வழக்கு தீர்ந்துவிட்டது எனலாம்.

எக்ஸ்பியும் அச்சகங்களும்

எக்ஸ்பி நெடுநாள் வாழ்ந்தது. 12 ஆண்டுகளுக்கு மேல் திருத்தம் பெற்ற அதனை விட்டு நீங்க அரசுகளே தயங்கின. அதன் ஆதரவு முடியும் தறுவாயில், 2014 மார்ச்சில், தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தளத்தைப் பயன்படுத்துமாறு பிற துறைகளுக்கு அறிவுறுத்தியது. பிரிட்டன் அரசோ பணங்கொடுத்து ஓராண்டு ஆதரவை நீட்டித்துக்கொண்டது. இந்தியாவில் பணம்வழங்கும் எந்திரங்களினின்று ஆதரவற்ற தளங்களை நீக்குதற்கு ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் ஆணையிட்டு, 2019 ஜூன் வரை தவணை கொடுத்தது.

2017 மே 12இல் வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றை முடக்கியபோது, ஆதரவு முடிந்து 3 ஆண்டு கடந்திருந்தும் எக்ஸ்பிக்கு ஒரு திருத்தத்தை நிறுவனம் பொதுவில் வழங்கியது. ஆதரவின் முடிவு இயற்கை மரணமன்று, ஒரு முடிவெடுப்பு என்பது இதனாற் போதரும். அன்றியும், அத்தாக்குதலில் பெரிதும் வீழ்ந்தவை எக்ஸ்பி அல்ல. ஆதரவு இருந்தும், மார்ச்சிலேயே வந்த திருத்தத்தை இட்டுக்கொள்ளாத ஏழாம் பதிப்புக் கணினிகளே. பழையதை வைத்திருப்போரை மட்டும் குறைகூறுவார் இதனையும் எண்ணுதல் நன்று.

தமிழ் அச்சகங்கள் எக்ஸ்பியை விடாது பற்றியிருந்ததற்குக் காரணம் வேறு. அவர்தம் தொழிற்கருவி பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பாகிய ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாதது. அதற்கு மாற்றாக வந்த இன்டிசைன், இந்திய மொழிகளுக்குரிய ஆதரவை வெளிப்படையாகப் பெற்றது 2012இல் வந்த ஆறாம் தொகுப்பிலேயே. ஒருபுறம் பழைய கருவி கைவிடப்பட்டது. மறுபுறம் புதிய கருவி எட்டாண்டுக் காலம் தமிழை ஏற்கவில்லை. இடைப்பட்ட அவ்வெட்டாண்டில் அச்சகத்தார் செய்யக்கூடியது என்ன? பழைய கணினியையும் பழைய தளத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நூல்களை அச்சிட்டுக் கொடுத்தனர். தாம் அறிந்த தட்டச்சு முறையும், வாங்கிய எழுத்துருக்களும், வன்பொருட்பூட்டோடு வந்த தமிழ் மென்பொருளும் அதில்தான் இயங்கின. பூட்டைச் செருகும் வாயிலே புதிய கணினிகளில் இல்லாது போயிற்று. அச்சகத்தாரைப் பின்தங்கியோர் எனல் முறையன்று. அவர்க்குச் செல்லத்தக்க வழி ஒன்றும் அப்பொழுது திறக்கப்பட்டிருக்கவில்லை.

இதன் பயனாக, 1990 முதல் ஏறத்தாழ 2015 வரை தமிழில் அச்சான நூல்களுள் மிகப் பலவற்றின் மூலக்கோப்புக்கள் வேடமிட்ட எழுத்திலேயே உள்ளன. ஆய்வேடுகளின் நிலையும் அதுவே. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் ஆய்வேடுகளின் மின்படியைக் கேட்டு விதி செய்தது. எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப். கோப்பு திரையில் அழகிய தமிழாகவே தோன்றும். அதனுள் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஒரு பத்தியைப் பெயர்த்தெடுத்தால் ரோமன் எழுத்துக்கள் உதிரும்.

மாற்றிகள் தரும் பாடவேறுபாடு

பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் பல உள; அவற்றில் இட்டால் தீர்ந்தது எனப் பொதுவாகக் கருதுகின்றனர். அற்றன்று. மாற்றி, குறிக்குக் குறி மாற்றுவது. தட்டச்சிட்டவரோ கண்ணுக்கு இனிய வடிவத்தையே நோக்கினார். இரண்டிற்கும் இடையே பிழை புகுகின்றது.

பாமினியில் ஆகாரக் கால் எச் என்னும் விசையிலும் ரகரம் யூ என்னும் விசையிலும் அமைந்தன. புள்ளிபெற்ற ரகரத்தை எழுதுங்கால், ரகரத்தின்மேற் புள்ளியிடுவதினும் காலின்மேற் புள்ளியிடுதல் வடிவிற் சிறந்து தோன்றியமையின், தட்டச்சாளர் பலர் காலையே இட்டனர். தாளில் அச்சானபோது வேறுபாடு இல்லை. மாற்றியோ உள்ளதை உள்ளவாறே மாற்றும். 'அவர்' என்பது 'அவா்' என வந்து நிற்கும். முன்னதில் ரகர ஒற்று. பின்னதில் வகரத்தோடு சேர்ந்த காலும், அதன்மேல் இலக்கணம் ஏற்காத ஒரு புள்ளியும். கண் இரண்டையும் ஒன்றாகவே காணும். தேடும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். இன்றும் இணையத்தில் அலுவலகப் பக்கங்களிலும் செய்திகளிலும் இவ்வடிவம் மலிந்து கிடத்தலைக் காணலாம்.

ஔகாரத்திலும் இவ்வாறே. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலக்குறி ளகரமாகவே இடப்பட்டது. ஆகலின், எகரக் கொம்பும் மெய்யும் ளகரமும் அடுத்து வந்தால் அது ஔகாரமா, எகரத்தின் பின்வந்த ளகரமா என்பதை மாற்றி அறியாது. ஔகாரம் என்றே துணியும் மாற்றிகள் 'வெள்ளி'யை 'வௌ்ளி' ஆக்கின; துணியாதவை 'கௌரி'யைக் 'கெளரி'யாகவே விட்டன.

ஓலைச்சுவடி ஆய்ந்தார்க்கு இது புதிதன்று. சுவடியில் காலும் ரகரமும் ஒரே வடிவின, புள்ளி இல்லை, எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடா. பதிப்பாசிரியர் தம் மொழியறிவால் அவற்றைப் பிரித்துணர்ந்து பாடம் கண்டனர். அதே காலும் அதே ரகரமும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் மயங்கின என்பது வியப்பிற்குரியது. ஒரு வேறுபாடு உண்டு. சுவடியில் உள்ள மயக்கம் கண்ணுக்குப் புலனாவது. ஆகவே ஆராய்ச்சியைத் தூண்டியது. மாற்றிய கோப்பில் உள்ள மயக்கம் கண்ணுக்குப் புலனாகாது. சொல்லடைவு தொகுப்பார், ஒரு சொல் ஒரு நூலில் எத்துணை முறை வந்துள்ளது எனக் கணக்கிடுவார், 'அவர்' என்று தேடிக் கிடைத்த எண்ணைக் கொண்டு முடிவு கூறுவாராயின், அம்முடிவு பிழைபடும். பிழைபட்டது என்பதும் தெரியவாராது. மின்வடிவத் தொகுப்புக்களை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வுகள் பெருகிவரும் இந்நாளில், கோப்பு எந்த எழுத்துருவினின்று எந்த மாற்றியால் மாற்றப்பட்டது என்னும் குறிப்பு, சுவடி கிடைத்த ஊரைக் குறிப்பது போலத் தேவையாகின்றது.

அண்மை நிலை

ஒருங்குறிக்கு வந்துவிட்டமையால் இச்சிக்கல் முற்றும் தீர்ந்ததோ எனின், குறைந்தது என்பதே சரி. ஒருங்குறியும் வளர்வது. நாள், மாதம், பற்று, வரவு முதலியவற்றின் குறிகள் 2003இலும், ஶகரமும் தமிழ்ச் சுழியமும் 2005இலும், ஓம் என்னும் குறி 2008இலும் சேர்ந்தன. முந்திரி, காணி, மா முதலான பின்ன இலக்கங்களும் நில அளவை, முகத்தலளவைக் குறிகளும் அடங்கிய 51 வடிவங்கள் 2019 மார்ச்சில் வெளிவந்த 12ஆம் பதிப்பிலே இடம்பெற்றன. கல்வெட்டும் பழங்கணக்கேடும் ஆய்வார்க்கு இவை இன்றியமையாதவை. அவற்றிற்கு முன் ஆக்கப்பட்ட தளங்களோடு வந்த எழுத்துருக்களில் இவற்றிற்கு வடிவமில்லை. வெற்றுக் கட்டமே தோன்றும். எழுத்துருவைத் தனியே நிறுவிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆயினும் ஏழாம் பதிப்பின் ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தமையின், அத்தளத்தில் நின்றோர்க்கு இவை தாமே வந்துசேரும் வாயில் அடைபட்டது.

பின்னோக்கிய வாயிலும் அடைபடுகின்றது. 1990களின் முற்பகுதியில் ஆக்கப்பட்ட தமிழ் எழுதிகளும் விசைப்பலகை நிரல்களும் பல 16 பிட்டு நிரல்கள். 64 பிட்டு விண்டோஸ் அவற்றை இயக்காது; 32 பிட்டு விண்டோஸ் இயக்கும். பதினொன்றாம் பதிப்பு 64 பிட்டு வடிவில் மட்டுமே வெளிவருகின்றது. ஆகலின், 2025 அக்டோபர் 14இல் பத்தாம் பதிப்பின் பொது ஆதரவு முடிந்தபோது, அந்நிரல்களைத் தன்னிடத்தே நேராக இயக்கவல்ல பொதுவழக்கு விண்டோஸ் வரிசையும் முடிந்தது. பழைய தளத்தைப் புதிய கணினிக்குள் போலியாக நிறுவி, இணையத்தோடு தொடர்பின்றி இயக்கும் வழி இன்றும் உண்டு. அதற்குப் பழைய நிறுவல் தகடும், அதனை நிறுவத் தெரிந்தவரும் வேண்டும். இருவகையும் அருகிவருகின்றன.

எழுத்துரு அவ்வாறன்று. ட்ரூடைப் வடிவில் அமைந்த பழைய எழுத்துரு புதிய தளத்திலும் இயங்கும். ஆகவே, மூலக்கோப்போடு அதன் எழுத்துருக் கோப்பும் காக்கப்பட்டிருந்தால், எழுதியை இழந்தும் எழுத்தைப் படிக்கலாம். எந்த இடத்தில் எந்த வடிவம் என்னும் அட்டவணையையும் அதனின்றே வரைந்துகொள்ளலாம். தாம், தாப், திஸ்கி ஆகியவற்றின் அட்டவணைகள் வெளியாகியுள்ளன. பாமினியின் அமைப்பும் பலரும் அறிந்தது. தனி அச்சகங்களுக்கும் தனி இதழ்களுக்கும் என ஆக்கப்பட்ட எழுத்துருக்களே இடர் தருவன. அவற்றிற்கு மாற்றிகளும் இல்லை. ஆக்கிய சிறு நிறுவனங்கள் பல மூடப்பட்டுவிட்டன. ஒரு துறையின் நூலகத்தில் ஆய்வேட்டோடு ஒட்டி வைக்கப்பட்ட குறுந்தகட்டை எடுத்து, அதில் கோப்பு மட்டும் உள்ளதா, எழுத்துருவும் உள்ளதா எனப் பார்த்துப் பதிவேட்டில் குறித்தல் ஒரு மாணவர் சில நாள்களில் செய்து முடிக்கக்கூடிய வேலை. எழுத்துரு இல்லாதவற்றிற்கு, அதே ஆண்டில் அதே தட்டச்சகத்தில் உருவான வேறு ஆய்வேட்டின் தகட்டில் அது கிடைக்கக்கூடும். அச்சுப்படியின் இறுதிப் பக்கத்திலோ நன்றியுரையிலோ தட்டச்சிட்டவர் பெயரும் ஊரும் பெரும்பாலும் காணப்படும். அதனைக்கொண்டு தேடுதல் எளிது.